கரப்பான் முந்தியா, இறால் முந்தியா

கோட்டைக்குப்பத்துக் கலைவாணிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால், பதில் கிடைக்கும்வரை சோறு இறங்காது. கைக்குழந்தை சத்யாவின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் செதில் செதிலாக அரிக்கும் கரப்பான் நோய் வந்தபோது, தெருவே ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது: தாய்க்காரி இறால் தின்றிருப்பாள். இறாலும் நண்டும் கரப்பான் பண்டம் என்பது அந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கலைவாணி வாயைக் கட்டினாள். இறால் விளையும் ஏரிக்கரையில் இருந்துகொண்டு ரசம்சோறு தின்பது லேசுப்பட்ட தண்டனையா? அப்படியும் கரப்பான் போகவில்லை. சொறிந்து சொறிந்து நீர் வடிந்தது.

தம்பி சிவசங்கரைத்தான் அவள் அடிக்கடி நினைத்துக்கொண்டாள். அவனுக்கும் பிள்ளை வயதில் இதே கரப்பான். வளர்ந்ததும் கரப்பான் போனது, ஆனால் இறால் ஆகாமல் போனது. ஒரு துணுக்கு வாயில் பட்டாலும் உதடு வீங்கி மூச்சு முட்டும். வலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் பொன்னேரியில் செல்போன் கடை வேலைக்குப் போய்விட்டான். அக்கா வீட்டில் இறால் கொதித்தால் தெருவில் பைக்கில் உட்கார்ந்தபடியே பேசிவிட்டுப் போவான். மகளுக்கும் இந்தக் கதிதானா என்ற பயம் கலைவாணியை அரித்தது.

அந்தத் தம்பிதான் தாயையும் பிள்ளையையும் பொன்னேரிக்கு ஏற்றிப்போய்க் குழந்தை மருத்துவர் கீதாவிடம் விட்டான்.

"நான் இறாலே துன்றதில்ல டாக்டர். அப்பறம் எப்படி வந்துச்சி?" என்று கேட்டாள் கலைவாணி.

"இறால் உரிக்கிறீங்களா?"

"தெனமும்தான். பொழப்பே அதானே."

"அந்தக் கையோடதான் குழந்தைக்கு எண்ணெய் தடவுறீங்களா?"

கலைவாணி தன் கையைப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு அலசு அலசினால் கை சுத்தம் என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள்.

கரப்பான் வருகிற தோல் இயல்பிலேயே காவல் குறைந்தது என்றார் டாக்டர். வெடித்த தோல் வழியே இறால் நுழைந்தால் உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்ளலாம். வாய் வழியே போனால் உறவாகப் பழகும். தோலைச் சீக்கிரம் ஆற்றினால் பின்னால் ஒவ்வாமை வரும் வாய்ப்புக் குறையலாம். "சத்தியம் பண்ணித் தரமுடியாதும்மா. ஆனா தள்ளிப்போடாதீங்க. நீங்க தாராளமா இறால் சாப்பிடுங்க."

"அப்போ இறாலால கரப்பான் வர்ல. கரப்பானாலதான் இறாலு ஆவாம போவுது!"

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊரே நடந்திருக்கிறது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. தம்பியை நினைத்ததும் அது நின்றுவிட்டது.

டாக்டர் சொன்னபடி களிம்பு போட்டாள், ஈரம் காயாமல் கிரீம் பூசினாள். "மருந்து போட்டு உள்ள அமுக்காத, மாந்தமாயி வயித்தால போவும்" என்று பக்கத்து வீட்டு இருசம்மாள் பயமுறுத்தினாள். "உன் மாந்தத்த நான் பாத்துக்கறேன்" என்று கலைவாணி அவள் வாயை அடைத்தாள்.

புருஷனிடம்தான் கஷ்டம். ஏரியில் இறால் பிடித்துவிட்டு வந்ததும் மகளைத் தூக்கப் பறந்தான் தேவேந்திரன்.

"நில்லுயா. சோப்பு போட்டுக் கழுவிக்கினு, லுங்கிய மாத்திக்கினு வா."

"என் புள்ளயத் தொட எனக்கே சோப்பா?"

அவன் முகம் வாடியது. அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் குழந்தையைத் தரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கழுவப் போனான். பிறகு அதுவே பழகிவிட்டது.

தோல் ஆறியது. சத்யா சோறு தின்னத் தொடங்கியதும், மாமனுக்கு அப்படி இருப்பதால் முதல் இறாலை மருத்துவமனையிலேயே கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். வேகவைத்து மசித்த இறாலைக் கலைவாணி துளி எடுத்து ஊட்டினாள். சத்யா முகத்தைச் சுளித்தாள். பிறகு வாயைத் திறந்து இன்னும் கேட்டாள். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். காத்திருந்தார்கள். உதடு வீங்கவில்லை, ஒரு தடிப்புகூட இல்லை.

கலைவாணி அழுதுகொண்டே வெளியே ஓடினாள். வேப்பமரத்தடியில் தம்பி நின்றிருந்தான்.

"ஒண்ணும் ஆவலடா!"

சிவசங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கூச்சத்தோடு கேட்டான்: "அக்கா, அது இன்னா ருசியா இருக்கும்?"

எல்லாரையும் கேள்வி கேட்டே பழகியவள் திரும்பி நடந்தாள். உள்ளே போய், இறால் பட்ட குழந்தையின் வாயையும் விரல்களையும் நன்றாகக் கழுவித் துடைத்து, உடுப்பை மாற்றி, தன் கையையும் கழுவிக்கொண்டு வந்து, மகளை அவன் கையில் கொடுத்தாள்.