நாற்பத்தாறாவது கட்டம்

வருஷம் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவது பேண்டு டீச்சர். கச்சேரிக்கு முந்தின நாள் வெளியூரிலிருந்து வந்து இறங்கி, எல்லோரையும் உலுக்கி எடுத்து, மறுநாள் மேடையில் குச்சி வீசி, கைதட்டலை அள்ளிக்கொண்டு போவது குச்சி சார். பிள்ளைகள் வைத்த பெயர்தான் அது. விருந்தாளியாக வந்து பேண்டு நடத்துகிறவர்களின் லட்சணமே அப்படித்தான், விடுங்கள்.

அவர் கெட்ட மனுஷர் என்று நான் சொல்ல வரவில்லை. நாக்குதான் கொஞ்சம் நீளம். யாராவது தப்பாக வாசித்தால் அந்தப் பிள்ளையை மட்டும் எழுப்பி நிறுத்தி, தனியாக வாசிக்க வைப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். மறுநாள் அந்த இடம் சரியாக வந்துவிடும். அதில் அவருக்கு அசாத்தியப் பெருமை.

போகிற பள்ளிக்கூடத்தில் எல்லாம் அவரே அமைத்த ‘மழைக்கு முன்னால்’ என்ற இசையைத்தான் வாசிக்க வைப்பார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாளாகத் தன் கையாலேயே எழுதினது. அதன் நகலைத்தான் பள்ளிக்கூடங்களுக்கு முன்கூட்டியே அனுப்புவார்.

பதினெட்டாவதாக வந்த இந்தப் பள்ளிக்கூடத்தில், அன்று காலை ஒத்திகை தொடங்கும்போதே வழக்கமான ஜோக்கைச் சொன்னார்.

“பதினேழு ஸ்கூல் பாத்தாச்சு. எங்க போனாலும் நாப்பத்தாறாவது கட்டத்துல ரெண்டாவது கிளாரினெட் சொதப்பும். அந்த நாற்காலியில உக்காந்தாலே காது அடைச்சிக்கும் போல.”

அறுபது பிள்ளைகளும் சிரித்தார்கள். இரண்டாவது கிளாரினெட்காரி மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சு உயரம்கூட இல்லாத பெண். கூட்டாளிகள் ‘கொசு’ என்பார்கள். தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் கட்டங்களில் நாற்பத்தாறாவது வந்தது. பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி ஒரு சுரம் திரிந்துகொண்டு நின்றது. குச்சி சார் நிறுத்தினார்.

“நான் சொல்லல? எந்திரிம்மா. நீ மட்டும் வாசி.”

வாசித்தாள். அதே சுரம்.

“இன்னொரு தடவை.”

அதேதான். ஐந்து தடவை வாசிக்க வைத்தார். ஐந்தாவது தடவை அவள் மூச்சு பிசிறியது.

“காதை வீட்டுலயே கழட்டி வெச்சிட்டு வந்தியா?”

கூடம் கொல்லென்று சிரித்தது. முரசு வாசிக்கும் தடியன் ஒருவன், டமாரம் என்று பெயர், முரசை ஒரு தட்டு தட்டிச் சிரித்தான்.

“சார், பேப்பர்ல…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“பேப்பர் மேல பழி போடாதம்மா. அந்த எடம் வந்தா கிளாரினெட்டை மடியில வெச்சிக்க. வாசிக்கவே வேணாம். நமக்கும் நிம்மதி.”

உட்கார்ந்தாள். அடுத்த முறை அந்த இடத்தில் கருவியை மடியில் வைத்துக்கொண்டாள். திரிந்த சுரம் போனது. ஆனால் மொத்த இசையும் அந்த இடத்தில் பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டையாகக் கேட்டது. குச்சி சாருக்கு என்னவோ உறுத்தியது.

சாப்பாட்டு இடைவேளையில் கூடம் காலியானதும், எல்லாக் கருவிகளும் சேர்ந்திருக்கும் தன் பெரிய நோட்டைப் புரட்டினார். நாற்பத்தாறாவது கட்டத்தில் இரண்டாவது கிளாரினெட்டின் சுரத்துக்கு முன்னால் பிளாட் குறி இருந்தது. சுரத்தை அரைப்படி இறக்கு என்று சொல்லும் குறி. நேரே கொசுவின் நாற்காலிக்குப் போய் அவள் தாளைப் பார்த்தார். அதில் அந்தக் குறி இல்லை. கையெழுத்து அவருடையது. எழுதும்போது விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பெண் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்திருக்கிறாள்.

அது போதாதென்று, தாளை வெளிச்சத்தில் சாய்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சரியாக அந்தச் சுரத்துக்கு முன்னால் யாரோ பென்சிலால் ஒரு பிளாட் குறி போட்டு, ரப்பரால் அழித்திருந்தார்கள். அழுத்தின தடம் மட்டும் பாக்கி.

பின்னால் செருப்புச் சத்தம். பேண்டு டீச்சர். குச்சி சார் தாளைத் திருடின பொருள் மாதிரி சட்டென்று கீழே வைத்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. அவ நல்ல பொண்ணு. ரெண்டு மாசம் முன்னாடி அந்த எடத்துல பென்சில்ல ஏதோ போட்டுக்கிட்டு வந்து, இப்படித்தான் டீச்சர் இருக்கணும்னு நின்னா. நான்தான் திட்டினேன். சார் எழுதினதுல நீ கை வெக்கிறியா, அழின்னேன்.”

இப்போது சொல்லியிருக்கலாம். ‘டீச்சர், அவ போட்டதுதான் சரி’ என்று நாலே வார்த்தை. என்ன கொள்ளை போய்விடும்? குச்சி சார் தாளின் ஓரத்தை நேராக்கினார்.

“பரவால்ல டீச்சர். சின்னப் பசங்க,” என்றார்.

டீச்சர் போனதும் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அழிந்த தடத்தின் மேலேயே பிளாட் குறியை வரைந்தார். தடம் ஆழமாக இருந்தது. பென்சில் தானாகவே அதில் போனது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வரைந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

“என்னங்க, இன்னிக்கு யாரை நிக்க வெச்சீங்க?”

“யாரையும் இல்ல.”

“அதிசயமா இருக்கே! உடம்பு சரியில்லையா?”

“வெச்சிடறேன்,” என்று வைத்துவிட்டார்.

மதியம் கொசுவைப் பார்த்து, “நீயும் வாசிம்மா” என்றார். அவள் தாளைப் பார்த்தாள். பென்சில் குறியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். நாற்பத்தாறாவது கட்டம் அப்படியே குளிர்ந்தது. மழைக்கு முன்னால் வருகிற காற்று மாதிரி இருக்க வேண்டும் என்று அவர் நினைத்து எழுதிய இடம் அது.

அங்கேதான் குச்சி சார் செய்யக்கூடாததைச் செய்தார். பழக்கதோஷம்; வாய் முந்திக்கொண்டது.

“பாத்தீங்களா? ஒரு தடவை நிக்க வெச்சா தானா வந்துரும்!”

எல்லோரும் கைதட்டினார்கள். கொசு தலையைக் குனிந்துகொண்டாள். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. தைக்கவில்லை, “அடுத்த பகுதி” என்று குச்சியைத் தூக்கினார்.

மறுநாள் காலை கச்சேரி. அரங்கம் நிறையப் பெற்றோர்கள். நாற்பத்தாறாவது கட்டம் நெருங்கியதும் அவர் கொசுவின் பக்கம் திரும்பி, வாசி என்று இடது கையை நீட்டினார். அவள் அவரை நேராகப் பார்த்தபடியே கிளாரினெட்டை எடுத்து மடியில் வைத்தாள். முந்தின நாள் அவர் சொன்னபடிதான். ஓட்டை விழுந்தது. யாருக்கும் தெரியவில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. குனிந்து வணங்கினவருக்கு நிமிர மனசு வரவில்லை.

கச்சேரி முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் தாளில் விருந்தாளியின் கையெழுத்து வாங்க வரிசையில் நிற்பது எங்கும் உள்ள வழக்கம். கடைசியாகக் கொசு வந்து தாளை நீட்டினாள். பிளாட் குறி இருந்த இடத்தில் மறுபடி ரப்பர் ஓடியிருந்தது.

“ஏம்மா அழிச்ச?”

“நான் போட்டதில்ல சார் அது.”

குச்சி சார் பேனாவை மூடினார். அக்கம்பக்கம் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தி, “தப்பு என்னோடதும்மா. நீ சரியாத்தான் வாசிச்ச,” என்றார்.

“எனக்குத் தெரியும் சார். அவங்களுக்குத்தான் தெரியாது.”

கருவிகளைப் பெட்டியில் அடைக்கும் அறையிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. குச்சி சார் அந்தக் கதவு வரைக்கும் நடந்தார். நாற்பது வருஷம் மேடை ஏறின மனுஷர் அந்த வாசற்படியில் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். டீச்சர் அவரைப் பார்த்துப் பிள்ளைகளை அமைதிப்படுத்தினார்.

“நாப்பத்தாறாவது கட்டத்துல தப்பு பண்ணது அவ இல்ல. நான் தாள் எழுதறப்ப ஒரு குறியை விட்டுட்டேன். நேத்து மதியமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. சொல்லாம, யாருக்கும் தெரியாம திருத்திட்டு, அவளை நிக்க வெச்சதாலதான் சரியாச்சுன்னு பெருமை பேசினேன். டீச்சர், அவ பென்சில்ல போட்டதுதான் சரி.”

டீச்சரின் கை வாய்க்குப் போனது. சொல்லிவிட்டோம், பாரம் இறங்கிவிடும் என்று அவர் நினைத்தார்.

டமாரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கையைத் தூக்கினான். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

“சார், அந்தப் பதினேழு ஸ்கூலுக்கும் இதே பேப்பர்தான் போச்சா?”

குச்சி சார் வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்தப் பள்ளிக்கூடங்களில் இரண்டாவது கிளாரினெட் வாசித்தவர்கள் ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏழு தடவை வாசித்த சிறுமி. தம்பி பார்த்துக்கொண்டிருக்க, காது சிவந்து போய் நின்ற ஓர் அண்ணன். கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியை ஆசிரியரின் மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போன ஒரு நெட்டைப் பையன். அன்று அவன் போனதற்கும் அவர் ஒரு ஜோக் சொல்லியிருந்தார்.

“ஆமாம்பா,” என்றார். “இதே பேப்பர்தான்.”

யாரும் சிரிக்கவில்லை.