சுகுணா எழுதிய தமிழ்

சுகுணா இறந்து ஒரு வருடம் ஆனபோது அவளுடைய கவிதைகளை நண்பர்கள் சேர்ந்து புத்தகமாகப் போட்டார்கள். ஓசூரில் ஒரு சின்னக் கூடத்தில் வெளியீட்டு விழா. அவளுடைய அம்மா சென்னம்மாளை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இருபத்து மூன்று வயதில் இப்படி எழுதிவிட்டுப் போய்விட்டாளே என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். வயதான ஒருவர் அவள் கவிதை ஒன்றைப் படித்தார். முடிக்கும்போது குரல் உடைந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே இருந்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

சென்னம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தக் கவிதை விளங்கவில்லை.

கெலவரப்பள்ளிப் பக்கம் அவர்கள் ஊர். வீட்டில் பேசுவது தெலுங்கு. சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குச் சென்னம்மாளுக்குத் தமிழ் வரும். எழுத்து எந்த மொழியிலும் தெரியாது. சுகுணா படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்த பிறகு, போகும்போதும் வரும்போதும் ஷிப்டு பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே எழுதிக்கொண்டிருப்பாள்.

"ஏமி ராஸ்தாவு?" என்பாள் அம்மா. என்னதான் எழுதுகிறாய் என்று.

அப்புறம் சொல்கிறேன் என்று தெலுங்கிலேயே சொல்லிச் சிரிப்பாள் மகள். அந்த அப்புறம் வருவதற்குள் டெங்கு வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

விழா முடிந்து சென்னம்மாளைப் பஸ் ஏற்றிவிடக் காவியா கூட வந்தாள். கம்பெனியில் சுகுணாவோடு ஒரே லைனில் வேலை பார்த்த பெண், தேனிக்காரி. பஸ் நிலையத்தில் உட்கார்ந்ததும் சென்னம்மாள் கேட்டாள்:

"பாப்பா, அந்தப் பெரியவரு படிச்சாரே, அதுல என்னா எழுதியிருக்குது? ஊரே அழுதுது. பெத்தவ நான் மட்டும் கல்லாட்டம் குந்தினு இருந்தேன்."

காவியாவுக்குத் தெலுங்கு தெரியாது. பையிலிருந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினாள்.

*பசுமைக்குடில் ரோஜாக்களுக்கு மணமில்லை.*
*அவற்றை வளர்ப்பவளின் உள்ளங்கையில் நஞ்சின் நெடி.*
*அந்நெடியின்றி உறக்கமில்லை எனக்கு.*
*இருளில் என் பாயை*
*அவளருகே இழுத்துச் செல்கிறேன்.*

"ஒங்களத்தாம்மா எழுதிருக்கா. நீங்க வேலைக்குப் போற கிரீன்ஹவுஸ் ரோஜாவுக்கு வாசமே இல்லையாம். ஒங்க கையில பூச்சிமருந்து வாடை அடிக்குமாம்."

"அடிக்கும். எத்தினி சோப்பு போட்டாலும் போவாது" என்றாள் சென்னம்மாள். "சின்னப்புள்ளயில ஒருநாள் மூக்கைப் புடிச்சிக்கிட்டா. அன்னிலேர்ந்து நான் வாசக்கதவுகிட்ட தனியா பாய் போட்டுப் படுத்துக்குவேன்."

"அந்த வாடை இல்லேன்னா அவளுக்குத் தூக்கமே வராதாம்மா. லைட்டை அமத்துனதும் பாயை ஒங்க பக்கத்துல இழுத்துப் போட்டுக்குவாளாம்."

அந்த ஒரு வரியைச் சென்னம்மாள் உதட்டுக்குள் தெலுங்கில் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னாள்.

"காலையில பாத்தா என்கிட்டதான் கெடப்பா. ஃபேன் காத்துக்கு நவுந்து வந்திருக்கான்னு நெனைச்சேன், பாப்பா" என்றாள். மகளைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட வராத அழுகை, அத்தனை பேர் போய்வருகிற இடத்தில் வந்தது. பஸ் வந்து, நின்று, போனது. இருவரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

அதற்குப் பிறகு லீவு கிடைத்த ஞாயிறுகளில் காவியா கெலவரப்பள்ளிக்கு வந்தாள். ஒவ்வொரு கவிதையாகப் படித்துப் பேச்சுத் தமிழில் சொல்வாள். சென்னம்மாள் அதைத் தெலுங்கில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். வயலிலிருந்து வரும் சுகுணாவின் அப்பா எல்லப்பன், கைகால் கழுவுகிற சாக்கில் வாசலிலேயே நின்று கேட்பார். ஒரு கவிதையில் யாரோ ஒருவன் கம்பெனி கேன்டீனில் தட்டோடு காத்திருந்தான். "யாரு அவன்?" என்று சென்னம்மாள் கேட்க, சத்தியமாகத் தெரியாது என்றாள் காவியா. வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிறு ஒரு கவிதையில் சிக்கிக்கொண்டார்கள். சானமாவுக் காட்டைத் தாண்டிப் போகும் யானை பெயரைக் கேட்டது என்று எழுதியிருந்தாள். யாருடைய பெயரை, யானையுடையதையா, அவளுடையதையா? காவியா நாலைந்து முறை படித்தாள். சென்னம்மாள் இப்படியும் அப்படியும் சொல்லிப் பார்த்தாள். பிடிபடவில்லை.

"இது கஷ்டமா இருக்கும்மா. அவ வந்ததும் கேட்டுக்கலாம்" என்றாள் காவியா.

"சரி, இன்னிக்கி பகல் ஷிப்டுதானே" என்றாள் சென்னம்மாள்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. காவியா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசலில் எல்லப்பன் காலில் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது.

சென்னம்மாள் எழுந்து, உலை வைக்க உள்ளே போனாள்.