மரணத்துக்கான காரணம்

அகதியாக ஏற்கப்பட்டு, டென்மார்க்கின் வைலே நகரில் இருந்த அண்ணன் பேதுருவின் வீட்டுக்கு அருள்மலர் வந்து எட்டு மாதமாகியிருந்தது. அப்போதுதான் இலங்கை அரசின் நட்டஈட்டுப் படிவம் வந்தது. போர் முடிந்து இரண்டு வருடம். அவளுடைய கணவன் ஜெபரட்ணம் கடைசி வாரத்தில் தண்ணீர் எடுக்க நின்ற இடத்தில் பீரங்கிச் செல் விழுந்து இறந்தவன். அவள் பத்தடி தள்ளி நின்றாள்.

படிவத்தை முல்லைத்தீவிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பியவள் ஜெபரட்ணத்தின் தங்கை ஜெபமலர். மனைவிதான் கையெழுத்திட வேண்டும். கிடைக்கும் பணத்தில் ஜெபமலர் தன் வீட்டுக்குக் கூரை போடுவதென்று முன்பே பேசியிருந்தார்கள். பேதுரு தான் வேலை செய்யும் களஞ்சியத்தில் அதை அச்செடுத்து வந்தான்.

மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது: பயங்கரவாதிகளின் தாக்குதல்.

"இது ஆர் எழுதினது?"

"எல்லாருக்கும் இப்பிடித்தானாம். நீ கீழை கையெழுத்தை மட்டும் வை."

"செல் எந்தப் பக்கத்தாலை வந்ததெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. நான் அங்கை நிண்டனான்."

எண்பத்தாறிலேயே டென்மார்க்குக்கு வந்துவிட்ட பேதுரு பேனாவை அவள் பக்கம் தள்ளினான். அவள் அந்த வரியை வெட்டி, மேலே 'இராணுவத்தின் செல்வீச்சு' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவன் அதைக் கொண்டுபோய்த் தபாலில் போட்டான்.

கார்த்திகையில் அது திரும்பி வந்தது. வெட்டித் திருத்திய படிவங்கள் ஏற்கப்படமாட்டாவாம். கூடவே புதுப் படிவம் ஒன்று, அதே வரியோடு. அன்றே ஜெபமலரும் தொலைபேசியில் வந்தாள்.

"மச்சாள், இஞ்சை மழை தொடங்கீட்டுது. தகரம் முழுக்க ஓட்டை. என்ரை சின்னவளுக்கு நெஞ்சுச் சளி, ராவிலை இழுக்குது. ஆர் அடிச்சதெண்டு சரியா எழுதினால் அண்ணை எழும்பி வரப்போறாரே?"

சொன்ன கையோடு அவளே அழத் தொடங்கினாள். "கோவிக்காதைங்கோ மச்சாள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் காலை, டெனிஷ் வகுப்புக்குப் போகுமுன், அருள்மலர் புதுப் படிவத்தில் கையெழுத்திட்டாள்.

"கடவுளுக்குத் தெரியும் பிள்ளை," என்றான் பேதுரு.

"அவருக்குத் தெரியும். அரசாங்கத்தின்ரை ஃபைலிலை என்ரை கையெழுத்தெல்லோ கிடக்கப்போகுது."

மாசியில் பணம் கிடைத்தது. பாதி வீட்டுக்குத்தான் ஓடு போட முடிந்தது. ஜெபமலர் படம் அனுப்பினாள். 'வடிவாயிருக்கு' என்று அருள்மலர் பதில் எழுதினாள். உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. சின்னவள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் ஓகூஸ் நகரில், போரில் இறந்தவர்களுக்கான நினைவுக் கூட்டம். முந்தைய வருடம் ஜெபரட்ணத்தின் படத்துக்கு விளக்கேற்றி, நடந்ததை மேடையில் சொன்னவள் அவள். இம்முறை பேதுரு கார்த் திறப்போடு புறப்பட வந்தபோது உடை மாற்றாமல் கட்டிலில் இருந்தாள்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ."

"ஏன், சுகமில்லையே?"

"போன வருசம் ஒண்டு சொன்னன். பிறகு வேறை ஒண்டுக்குக் கையெழுத்து வைச்சன். இனி என்னத்தைச் சொல்லிக்கொண்டு அண்ணை அங்கை போய் நிக்கிறது?"

பேதுரு கார்த் திறப்பை மேசையில் வைத்தான். பிறகு மேற்சட்டையைக் கழற்றிவிட்டு வந்து அவளருகே இருந்தான். அன்று இருவருமே போகவில்லை.