வாய்க்காலில் விழுந்த தூண்

மீகாங் ஆற்று வாய்க்கால் ஓரம், வீட்டை உயர்த்தித் தாங்கும் சிமெண்ட் தூண்களை வார்த்து விற்பவர்கள் மியெனும் அவள் புருஷன் கோயும். அச்சைக் கழற்றியதும் தூண்களை வெயிலில் போட்டுவிடுவார்கள். வெள்ளையாகக் காய்ந்ததுதான் கெட்டி என்பது கோயின் தீர்ப்பு. ஊரே அப்படித்தான் நம்பியது. அவனை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்.

வெள்ளம் வருமுன் மியெனின் தங்கை லுவாவின் வீட்டை உயர்த்திக் கட்ட வேண்டும். போன வருஷ வெள்ளத்தில் அவள் கைக்குழந்தையோடு கூரைமேல் உட்கார்ந்திருந்தாள். இருப்பதிலேயே வெளுத்த தூண்களாகப் பொறுக்கி, கோய் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். லுவா கூடவே நின்று பார்த்தாள்.

படகுக்குப் பக்கத்தில் பாசி பிடித்த தூண் ஒன்று சேற்றில் தலைகாட்டியது. கோடைத் தொடக்கத்தில், அச்சு கழற்றிய அன்றே கரை சரிந்து தண்ணீருக்குள் போனது அது. ஊறிக் கூழாகியிருக்கும் என்று கோய் அப்போதே கைகழுவிவிட்டான். மியென் சும்மா சுத்தியலால் தட்டினாள். கணீரென்றது. அதற்குமேல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இழுத்துக் கரையில் போடவைத்தாள். அதே நாள், அதே கலவையில் வார்த்த இன்னொன்று மூலை உடைந்து விலைபோகாமல் வெயிலில் கிடந்தது. இரண்டு தூண்களுக்கும் முனைகளில் கல் முட்டுக்கொடுத்து, நடுவில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். வெயில் தூண் சீக்கிரமே விரிசல் விட்டது. வாய்க்கால் தூண்மேல் எல்லா மூட்டைகளையும் ஏற்றி, கோயையும் ஏறி நிற்கச் சொன்னாள். அது அசையவே இல்லை.

"ஒரு தூண வச்சுக்கிட்டு சாஸ்திரம் பேசாத" என்றான் கோய், மேலே நின்றபடியே.

படகிலிருந்து ஒரு வெள்ளைத் தூணை இறக்கவைத்தாள். அதுவும் விரிசல் விட்டது.

"சிமெண்ட் காஞ்சு இறுகலங்க. தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் இறுகுது. அது குடிக்கிறதுக்குள்ள நாம வெயில்ல போட்டுப் பிடுங்கிடறோம்."

கோயின் முகம் சுண்டிப்போயிற்று. ஏற்றியதை எல்லாம் இறக்கினான். புதிதாக வார்த்து வாய்க்காலில் ஊறப்போடலாம், வெள்ளம் வடிந்ததும் கட்டலாம் என்றாள் மியென். லுவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று கேட்டாள்.

"எங்க வீட்ல வந்து இருடி. வேற எங்க போவ?"

லுவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுத் தூண யாரு வார்த்தது, அக்கா?"

மியென் குனிந்து தன் வீட்டுக்கடியில் பார்த்தாள். எல்லாமே நல்ல வெள்ளை.