ஆ செங் தைத்த இரங்கல் துணி

பந்தற்காலில் முடிச்சுப் போடுவதற்குள் ஆ செங்கின் கையிலிருந்த கயிற்றை விநாசித்தம்பி வெடுக்கென்று பறித்துவிட்டார்.

"இதை இஞ்ச கட்டேலாது! கொண்டுபோய்ப் பிழை திருத்திக்கொண்டு வா!" என்று மலாயில் பாதியும் தமிழில் மீதியுமாகச் சத்தம் போட்டார்.

அண்ணனின் சத்தம் கேட்டு வள்ளிநாயகி வாசலுக்கு வந்தாள். கூடத்தில் அவள் கணவர் குலசேகரம் கோட்டும் தலைப்பாகையுமாகக் கிடத்தப்பட்டிருந்தார். துறைமுக அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிளார்க்காக இருந்தவர். நேற்றுக் காலை கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சூலியா தெருத் தையற்காரன் ஆ செங், கறுப்புத் துணியில் இங்கிலீஷ் எழுத்துகளை வெட்டி, ஏழு முழ வெள்ளைத் துணியில் தைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். சாவு வீட்டுக்கு எழுத்துத் துணி கொடுப்பது சீனர் வழக்கம். சீன எழுத்தில் கொடுத்திருந்தால் விநாசித்தம்பி வாயே திறந்திருக்கமாட்டார். குலசேகரத்துக்கு மரியாதை என்று இங்கிலீஷில் தைத்ததுதான் வினையாகப் போயிற்று.

குலசேகரத்துக்குச் சாயங்கால நடை என்றால் கடைப் பலகை வாசிப்பதுதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்துவிடுவார். ரொட்டிக்கடைக்காரன் புது ரொட்டிக்குப் பதில் தசை ரொட்டி விற்கிறானாம். பக்கத்துக் கடைச் சர்பத்தில் பனிக்கட்டிக்குப் பதில் கண்களைப் போடுகிறார்களாம். ஆ செங்கோ சூட்டு தைப்பதை விட்டுவிட்டுப் புகைக்கரி தைக்கிறானாம். எல்லாம் இங்கிலீஷில் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து மாறிச் செய்கிற கூத்து; 'ஃப்ரெஷ்' 'ஃப்ளெஷ்' ஆகிவிடும். இங்கிலீஷ் தெரியாத வள்ளிநாயகி வயிறு நோகச் சிரிப்பாள். பலகை எழுதுகிறவர்கள் அடிக்கடி மறுபக்கம் திருப்பிவிடும் 'எஸ்' ஒன்றை மட்டும் அவளுக்கு மாவில் விரலால் எழுதிக் காட்டியிருந்தார். அவள் அதற்குப் பாம்பெழுத்து என்று பெயர் வைத்திருந்தாள்.

சிரிப்பதோடு அவர் விட்டதில்லை. மறுநாளே சரியான எழுத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுப்பார். முதலில் முறைத்த கடைக்காரர்கள், போகப்போகப் பலகை எழுதுமுன் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

"என்ன அண்ணை எழுதியிருக்கு?" என்று கேட்டாள் வள்ளிநாயகி.

"மரியாதைக்குரிய ஐயாவுக்குப் பிரியாவிடையாம். மூண்டு பிழை, தங்கச்சி! பெயரிலயே ஒரு எழுத்தைக் காணேல்லை. பிரியாவிடையில ஒரு எழுத்துக் கூடிப்போச்சு. 'ஐயா' எண்ட சொல்லில எஸ் மற்றப் பக்கம் திரும்பி நிக்குது. துறைமுகக் கந்தோரில இருந்து துரை வாறார். கண்டா எங்கட ஆக்களின்ர இங்கிலீஷ் இதுதான் எண்டு சிரிப்பார். மச்சானுக்கு மானக்கேடு."

 அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒரு காற்புள்ளி தவறினாலும் கடிதத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதிய மனிதர். அவருடைய கடைசி ஊர்வலத்தைப் பார்த்து ஊர் சிரிக்கலாமா? ஆனால் அன்போடு தைத்துக் கொண்டுவந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பவும் அவளுக்கு மனம் வரவில்லை.

தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் ஆ செங்கிடம் கேட்டாள். "தைக்கிறதுக்கு முதல் ஆரிட்டையாவது காட்டியிருக்கலாமே?"

ஆ செங் கூடத்தில் கிடந்தவர் பக்கம் பார்த்தான். அவனுடைய மலாயும் அவளுடையதைப் போலத்தான் இருந்தது.

"எப்பவும் துவான் ஐயாகிட்டதான் காட்டுவேன், நோனா. இன்னிக்கு யார்கிட்ட காட்டுறது?"

நேற்றிலிருந்து எத்தனையோ பேர் வந்து எத்தனையோ ஆறுதல் சொல்லியிருந்தார்கள். எதுவும் அவளுக்குள் இறங்கவில்லை, இது இறங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"எத்தினை பிழை எண்டனீங்கள்?"

"மூண்டு."

"ஏழு முழத்துக்குள்ள மூண்டா? அவர் கண்டிருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பார்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஒப்பாரி சட்டென்று நின்றது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"பந்தலில கட்ட வேண்டாம், அண்ணை. எல்லாருக்கும் முன்னால பிடிச்சுக்கொண்டு போகட்டும்."

"துரை கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"அவர் இல்லாத குறையாலதான் இந்தப் பிழை வந்தது எண்டு சொல்லுங்கோ."

 விநாசித்தம்பி பறித்த கயிற்றை ஆ செங்கின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு எடுத்தார்கள். துரை வந்திருந்தார். விநாசித்தம்பி அவர் காதில் ஏதோ சொன்னார். துரை துணியை இன்னொரு முறை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வாசற்படலையோடு நின்றுவிட்டார்கள். ஒரு மூங்கிலை ஆ செங்கும் மற்றதை ரொட்டிக்கடைக்காரனும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். எதிர் வெயில் துணியில் பட்டதும் எழுத்துகள் பின்பக்கமும் தெரிந்தன.

வள்ளிநாயகி பார்த்தாள். பின்னாலிருந்து பார்க்கையில் எல்லா எழுத்துகளும் இடம் வலம் மாறிப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் பிழையாகத் திருப்பித் தைத்த அந்தப் பாம்பெழுத்து மட்டும், மாவில் அவர் எழுதிக் காட்டிய மாதிரியே, நேராக நின்றது.