குனியாமல் எடுப்பவர்கள்

மேஜையிலிருந்து உருண்டு விழுந்த பேனாவை எடுக்க வெர்னன் ப்ரூயிட் குனியவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, முழங்கால்களை மடக்கிச் செங்குத்தாக இறங்கி, தரையைத் தடவி எடுத்துக்கொண்டு மேலே வந்தார். வலது முழங்கை இடுப்போடு ஒட்டியே இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மார்லிஸ் டீக் அந்த முழங்கையையே பார்த்தாள்.

வெர்னனுக்கு அறுபத்தோரு வயது. இருபத்திரண்டு வருஷமாக, அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத்தில் வீட்டுக் கூரைகளில் ஏறி, ஆலங்கட்டி மழை எங்கெங்கே அடித்தது என்று சாக்குக்கட்டியால் வட்டம் போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர். ஏறி ஏறி முழங்கால் தேய்ந்துவிட்டது. கீழே ஏதாவது விழுந்தால் இடுப்பிலிருந்து அப்படியே கவிழ்ந்து, "ஆ...ண்டவா!" என்று ஒரு முனகல் விட்டுத்தான் எடுப்பார். அந்த முனகலை நடித்துக் காட்டாத ஆள் ஆபீசில் கிடையாது. அந்த மனிதர் இன்றைக்கு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்கிறார்.

அப்படி எடுக்கிறவர்கள் ஒரே ஒரு ஜாதிதான். மார்லிஸுக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவளும் அந்த ஜாதி. குனிந்தால் கோட்டின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு, இடுப்பில் இருக்கிற துப்பாக்கியின் பிடி துருத்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் இரண்டு வருஷமாக அவள் எதற்கும் குனிந்ததில்லை. ஒரு அளவு பெரிய கறுப்புக் கோட், உள்ளே பூப்போட்ட சட்டை (வெறும் நிறத்தில் மேடு தெரியும், பூவில் தெரியாது), கால்சட்டையில் ஆண்கள் போடுகிற தடித்த பெல்ட். நாற்காலியின் கைப்பிடியில் டக்கென்று இடிக்காதபடி சற்றுக் கோணலாக உட்காரப் பழகியிருந்தாள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள். வெர்னனோ நிமிஷத்துக்கு ஒரு தரம் முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுசு. இன்றைக்குத்தான் முதல் தடவை.

"என்ன அம்மணி," என்றார் வெர்னன், "வெள்ளிக்கிழமை காலங்காத்தால சின்ன ரூமுக்குக் கூப்பிட்டிருக்க. கேக் வெட்டவா?"

"க்ளிண்ட் வந்துடட்டும், வெர்னன்."

"கேக் இல்லேன்னு தெரியும். டிஷ்யூ பெட்டி புதுசா இருக்கே."

டிஷ்யூ பெட்டியை அங்கே வைத்தவளே அவள்தான். ஹெச்.ஆர். மேலாளர் என்றால் இந்த மாதிரி வேலைதான். கண்ணாடிக் கதவில் துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரை ஒட்டியதும் அவளே. ஒக்லஹோமாவில் எவன் இடுப்பில் எது இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் கட்டடத்துக்குள் வேண்டாம் என்று கம்பெனி சொல்லலாம், பூட்டிய காரில் வைக்காதே என்று மட்டும் சொல்ல முடியாது. அதனால் தினமும் காலையில் பார்க்கிங்கில் பாதிப் பேர் வண்டியிலேயே ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கழற்றி டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். மார்லிஸும் உட்காருவாள். கழற்றுவது போல ஒரு பாவனை, அவ்வளவுதான்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வேலையைவிட்டு அனுப்பப்பட்ட ஒருவன் மாடிப்படியில் காத்திருந்து அவள் கழுத்தைப் பிடித்தான். துப்பாக்கி காரில் பத்திரமாகப் பூட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் அதைக் காரில் வைக்கவில்லை. அவள் புருஷன் வெண்டெலுக்குக்கூடச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேலை போகும். வேலையோடு மருத்துவ இன்சூரன்ஸும் போகும். வெண்டெலுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

இப்போது என்ன செய்வது? போலீசைக் கூப்பிட்டால் அறையில் இருக்கிற எல்லோரையும் தடவிப் பார்ப்பார்கள். க்ளிண்டிடம் சொன்னால், முழங்கால் மடக்கியதை வைத்து எப்படிக் கண்டுபிடித்தாய் என்பான். தான் நினைப்பது தப்பாக இருந்தால் ஒரு நல்ல மனுஷன் மானம் கப்பலேறும். தப்பாக இல்லாவிட்டால் நாற்பது பேர் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள்.

கதவு திறந்தது. கிளை மேலாளர் க்ளிண்ட் ஹாஸ்கெல் கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தான். முப்பத்தெட்டு வயதுக்காரன், கூரை மேல் ஒரு நாள் ஏறாதவன். மார்லிஸ் மேஜைக்குக் கீழே கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டாள்.

"வெர்னன், நீங்க எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு..." என்று தாளைப் பார்த்துப் படித்தான் க்ளிண்ட். "இனிமே கூரைப் படமெல்லாம் ட்ரோன்ல எடுக்கப் போறோம். அதனால அந்தப் பதவியைத்தான் எடுக்கிறோம், உங்களை இல்ல."

"அப்போ நான் இருக்கலாமா?" என்றார் வெர்னன்.

"இல்ல... நீங்க... போகணும்."

"அதைச் சொல்லு தம்பி. சுத்தி வளைக்காத."

பிறகு வெர்னனின் கை கோட்டுக்குள் போனது.

 மார்லிஸின் விரல்கள் இடுப்புக்குப் பின்னால் போய்ப் பிடியைத் தொட்டுவிட்டன. இத்தனை வருஷத்துச் சிநேகம், மனுஷன் முகம், எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. கை, அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. அது மெதுவாக, ஏதோ தேடுவது போல உள்ளே துழாவி, வெளியே வந்தது.

ஒரு நீல நிறச் சாக்குக்கட்டி. பாதி தேய்ந்தது.

"இது கம்பெனியோடது," என்று மேஜை மேல் வைத்தார் வெர்னன். அடுத்து ஏணிப் பெட்டியின் சாவியை வைத்தார். அப்புறம் அடையாள அட்டை. க்ளிண்ட் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னான்.

மார்லிஸ் கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டாள். வெர்னன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையைவிட்டுப் போகிற ஆளை அவர் வண்டி வரை ஹெச்.ஆர். கூடவே நடந்து கொண்டுபோய் விட வேண்டும். அது கம்பெனி விதி. வெர்னன் தன் மேஜையில் இருந்த காபிக் கோப்பையையும், போன இலையுதிர் காலத்தில் செத்துப்போன மனைவி ஓப்பலின் படத்தையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டார். வேறு ஒன்றும் எடுக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். பாவிகள், ஒருவராவது எழுந்து கை கொடுத்திருக்கலாம்.

"நானும் வரட்டுமா?" என்றான் க்ளிண்ட்.

"வேண்டாம். நான் பாத்துக்கிறேன்," என்றாள் மார்லிஸ். கூட ஒரு ஆள் இருந்தால் சுடப்படுவதற்கும் கூட ஒரு ஆள்.

லிஃப்டில் இருவரும் இறங்கினார்கள். பார்க்கிங்கில் வெயில் பளீரென்று அடித்தது. தன் பிக்கப் லாரிக்குப் பக்கத்தில் போய், பெட்டியை பானெட் மேல் வைத்துவிட்டு வெர்னன் திரும்பினார். இரண்டு கையையும் விரித்தார். அந்த ஊரில் அறிமுகமானவர்கள் கட்டிப்பிடிக்காமல் பிரிவதில்லை. இரண்டு வருஷமாக மார்லிஸ் கட்டிப்பிடிக்க வருகிறவர்களை எல்லாம் பக்கவாட்டில் வாங்கி, தோளில் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு விலக அவளுக்கு மனசு வரவில்லை.

அவர் கை அவள் இடுப்பில் இடித்தது. அவள் கை அவர் இடுப்பில் இடித்தது. இருவரும் அப்படியே நின்றார்கள்.

"அம்மணி," என்றார் வெர்னன் அவள் தலைக்கு மேலாக, "இடுப்புல என்ன?"

"உங்க இடுப்புல என்னவோ, அதேதான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம். டெய்லி."

"கதவுல ஸ்டிக்கர் ஒட்டினதே நீதானே!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகம் சட்டென்று வாடியது. கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "அப்போ உள்ள கோட்டுப் பொத்தானைக் கழட்டினியே. எனக்காகவா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா," என்றாள் மார்லிஸ். "உங்களுக்காகத்தான்."

"உங்க அம்மா அடக்கத்துல தோள் குடுத்துத் தூக்கினவன் நான்."

"தெரியும்."

"உன்னைச் சுடுவேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன், வெர்னன். பயந்துட்டேன். பின்ன எதுக்கு அதைக் கொண்டு வந்தீங்க?"

வெர்னன் லாரியின் காலி இருக்கையைப் பார்த்தார். "இது உங்க யாருக்கும் இல்ல," என்றார். "ஓப்பல் போனதுக்கப்புறம் காலைல எந்திரிக்கிறதுக்கு எனக்கு இந்த ஆபீஸ் ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னிக்கு அதுவும் போயிடும்னு நேத்து நீ கூப்பிட்டப்பவே தெரியும். வீட்டுக்குத் திரும்பிப் போக வேணாம்னு இருந்தேன்."

மார்லிஸுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. காலையிலிருந்து தன்னையும் க்ளிண்டையும் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்து மனிதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் சிநேகிதன் வீட்டுக்கு வருவான். அறிவுரை எல்லாம் சொல்ல மாட்டான். துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்வான், மான் வேட்டை தொடங்கும் முன் திருப்பிக் கொடுப்பான். ஏன் என்று இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். வெண்டெலுக்குச் சிறுநீரகம் பழுதான வருஷம் அவன் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தபோது, வெர்னன்தான் வந்து அவன் ரைஃபிள்களை எடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதம் வைத்திருந்தார்.

"அதைத் துடைச்சு ரொம்ப நாளாச்சு போல," என்றாள் மார்லிஸ், கையை நீட்டி. "குடுங்க, வெண்டெல் துடைச்சு வைக்கட்டும்."

வெர்னன் அவளை முறைத்தார். "அது நான் வெண்டெல்கிட்ட சொன்ன வசனம்."

"அதான் திருப்பிச் சொல்றேன்."

"இடுப்புல ஒண்ணை வெச்சுக்கிட்டு என்கிட்ட இருக்கிறதைக் குடுங்கிற. நல்லா இருக்கு நியாயம்."

மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் மாடியில் க்ளிண்டின் ஜன்னல் திரை விலகியிருந்தது. அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். டயாலிசிஸ் அறையில் வெண்டெல் காலை நீட்டிப் படுத்திருப்பது கண் முன்னே வந்தது.  வெர்னன் கையைப் பார்த்தாள், அது மறுபடி இடுப்புக்குப் போயிருந்தது.

அவள் கோட்டைக் கழற்றினாள். உறையோடு துப்பாக்கியை உருவி, பட்டப்பகலில், முப்பது ஜன்னல்களுக்கு எதிரே, லாரியின் பானெட் மேல் ஓப்பலின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தாங்க. ரெண்டையும் சேத்துத் துடைக்கட்டும்."

 வெர்னன் தன்னுடையதை எடுத்தார், அவர் அப்பா காலத்து ரிவால்வர். குண்டுகளைக் காபிக் கோப்பையில் கொட்டினார். ஆறு தரம் கணீர் கணீரென்றது. அவர் தோள் குலுங்கத் தொடங்கியது, மார்லிஸ் இந்தத் தடவை நேருக்கு நேராகக் கட்டிக்கொண்டாள்.

இரண்டையும் அவள் தன் காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டும்போது க்ளிண்ட் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மார்லிஸ், நான் மேலேருந்து பாத்தேன். உள்ளயே வெச்சிருந்தீங்களா? ஆபீசுக்குள்ளயா?"

"ரெண்டு வருஷமா."

"அந்த விதியை எழுதினதே நீங்க." அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "திங்கட்கிழமை பேசலாம்."

"இன்னிக்கே சொல்லிடு, க்ளிண்ட். வேலைய விட்டு எடுக்கிறதை வெள்ளிக்கிழமைதான் சொல்லணும். அதுவும் நான் எழுதினதுதான்."

அவன் சொன்னான். சொல்லிவிட்டு, விதிப்படி அவளை வண்டி வரை கொண்டுவந்து விட ஹெச்.ஆரில் வேறு ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்து திருதிருவென்று விழித்தான்.

"நான் கூடப் போறேன்," என்றார் வெர்னன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீங்க இப்ப இங்க வேலை பாக்கலையே!"

"அதனால என்ன? எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல."

மூன்றாம் மாடியில் மார்லிஸ் தன் மேஜையைக் காலி செய்தாள். வெண்டெலின் சிகிச்சைக்கு இனி என்ன வழி என்று அவளுக்குத் தெரியவில்லை. புகைப்படச் சட்டம் ஒன்று நழுவித் தரையில் விழுந்து கண்ணாடி உடைந்தது. வெர்னன் இடுப்பிலிருந்து அப்படியே கவிழ்ந்தார்.

"ஆ...ண்டவா!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கைக்கு எட்டாமல் ஒரு கண்ணாடித் துண்டு மேஜைக்கு அடியில் கிடந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மார்லிஸ் நன்றாகக் குனிந்து அதை எடுத்தாள்.

"ராத்திரி சாப்பாடு எங்க வீட்டுல," என்றாள் மேஜைக்கு அடியிலிருந்து. "நாளைக்கும் அங்கேயேதான்."

"வெண்டெல் என்ன சொல்லுவான்?"

"துடைக்கிறதுக்கு ரெண்டு இருக்கேன்னு திட்டுவான்," என்றாள் மார்லிஸ். வெர்னன் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.