மத்தியமாவதியில் ஸ்பிரோஸ் மச்சான்

உலகெங்கும் பரந்து வாழும் எங்கள் உறவினர்களுக்கும் இசையுலகத்துக்கும் இத்தால் அறிவிப்பது யாதெனில்: கிரேக்க நாட்டு எப்பிரஸ் மலைகளின் நாட்டார் இசை மேதை, கிளாரினெட் வித்தகர் ஸ்பிரோஸ் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர். என் தங்கச்சி றஜீனாவின் புருசன். வார நாட்களில் கவுன்சிலுக்காகத் தெருவோர மரம் வெட்டுகிறார்.

பதினொரு வருசமாக இந்த உண்மை எங்கள் சித்தப்பா தில்லையம்பலத்துக்கு மட்டும் தெரியாது. சங்கீத சபைத் தலைவரல்லவா. ஸ்பிரோஸைக் காட்டி யாரும் கேட்டால், றஜீனாவோடு வந்தவர் என்பார்.

போன ஆவணியில் சித்தப்பாவின் மகள் லக்‌ஷிகாவுக்கு மனோர் பார்க்கில் கலியாணம். முகூர்த்தம் பதினொன்று நாற்பதோடு முடிகிறது. தோர்ண்டன் ஹீத்தில் இருந்து புறப்பட்ட மேளக்காரர் பிளாக்வோல் சுரங்கப்பாதை வாகன நெரிசலுக்குள் அசையாமல் நிற்கிறார்கள். மேளமில்லாமல் தாலி கட்ட ஏலாது என்று ஐயர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். மேளத்தைப் போனில் போடலாம் என்றார் ஒருவர். மணவறையில் இருந்து லக்‌ஷிகா ஒரு பார்வை பார்த்தாள். போன் திரும்பவும் பைக்குள் போனது.

பதினொன்று முப்பத்தொன்றுக்குச் சித்தப்பா ஸ்பிரோஸுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மருமகன், உங்கட அந்தக் குழல் காருக்குள்ள கிடக்குதோ?"

கிடந்தது. பின்னேரம் அவருக்கு வேறெங்கோ கச்சேரி. ஓடிப்போய் எடுத்துவந்தவருக்கு றஜீனா அவசர அவசரமாக ஆங்கிலத்தில் விளக்கினாள்: ஐயர் விரலை ஆட்டியதும் ஊத வேணும், அந்த நேரம் ஆரும் அழுதால் வெளியில் கேட்கக்கூடாது. ஸ்பிரோஸ் மிகுந்த பொறுப்போடு தலையாட்டினார்.

ஐயர் விரலை ஆட்டினார். மச்சான் ஊதினார். வடை சுட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். தாலி ஏறியபோது முன்வரிசை முழுக்க விம்மியது. ஒரு விம்மல்கூடக் கேட்கவில்லை. வழக்கமாக வரி நோட்டீசுக்கு மட்டும் கலங்கும் என் கண்ணும் கலங்கியது. எங்கட மச்சான், என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

சித்தப்பா மைக்கைப் பிடுங்கினார். "சுத்தமான மத்தியமாவதி. மங்கள ராகம். வாசிச்சது என்ர மருமகன்."

வருகிற தையில் தன் மணிவிழாவுக்கும் இதையே, இன்னும் நீளமாக, வாசிக்க வேணும் என்று அந்த இடத்திலேயே கேட்டுக்கொண்டார்.

காரில் திரும்பும்போது ஸ்பிரோஸிடம் அது என்ன பாட்டு என்று விசாரித்தேன். றஜீனா அழுகையைப் பற்றிச் சொன்னதால், எதை வாசிப்பது என்று தனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை என்றார்.

அது அவருடைய ஊரில் செத்தவீட்டில் வாசிப்பது.